வீட்டில் அப்பா, மைதானத்தில் கோச்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக்கு ஒரு பாதி, மைதானத்துக்கு மறுபாதி என்று வாழ்ந்து முடித்த ஒருவரை எப்படி நினைவில் வைப்பது? அவரைப் பற்றி எழுதுவது, பேசுவது, படங்களைக் காப்பது, பிள்ளைகளிடம் செய்தியைச் சொல்வது, அவர் பெயரில் போட்டி நடத்துவது என்று வந்த கேள்விகளை இந்த இதழுக்குத் தனியாக எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு, உறவை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: அப்பா முப்பது வருடம் சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர். நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுத வேண்டும். ‘அன்பானவர், பண்பானவர்’ என்பதைத் தாண்டி ஒரு வரிகூட வரவில்லை. எங்கே தொடங்குவது? – மூத்த மகள்

எழுதுவதை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். உங்களுக்கு வார்த்தைப் பஞ்சம் இல்லை, கையில் சரக்கு இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான். ‘அன்பானவர்’ என்ற சொல் எந்த வீட்டு அப்பாவுக்கும் பொருந்தும். பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்துகிற வரி எதுவோ, அது உங்கள் அப்பாவைப் பற்றிய வரி அல்ல.

முதலில் ஒரு தாளில் அவருடைய சாதாரணமான ஒரு நாளை மணிவாரியாக எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தப் பையை எடுத்தார், பைக்குள் என்னென்ன இருந்தன, திரும்பி வந்ததும் முதலில் செய்தது என்ன. அடுத்து, அணி தோற்ற ஒரு நாள். மூன்றாவதாக, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போன ஒரு நாள். இந்த மூன்று தாளிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

பிறகு எட்டு முதல் பத்துப் பேரிடம் பேசுங்கள். வீட்டார் இருவர், அவருடன் பிறந்தவர் ஒருவர், வேலை பார்த்த இடத்து நண்பர் ஒருவர், வெவ்வேறு பத்தாண்டுகளில் பயின்ற மாணவர்கள் மூவர், எதிரணிக் கோச் அல்லது நடுவர் ஒருவர். மாணவர்களில் ஒருவராவது பெஞ்சிலேயே அதிகம் உட்கார்ந்தவராக இருக்கட்டும். நட்சத்திர ஆட்டக்காரருக்குக் கோச் காட்டிய முகம் வேறு, ஆட வாய்ப்புக் கிடைக்காத பையனுக்குக் காட்டிய முகம் வேறு. இரண்டாவதில்தான் ஆள் தெரிவார்.

‘அவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் எல்லாரும் ‘தங்கமான மனுஷன்’ என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கேட்காதீர்கள். ‘உங்களிடம் அவர் திருத்திய ஒரு தப்பு எது? கோபம் வந்தால் என்ன செய்வார்? தோற்றுவிட்டுத் திரும்பும்போது வண்டியில் என்ன பேசுவார்? உங்கள் அப்பா அம்மாவிடம் உங்களைப் பற்றி என்ன சொன்னார்?’ இப்படிக் கேளுங்கள். ஆளுக்கு இருபது நிமிடம் போதும். அனுமதி கேட்டு ஃபோனில் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே பேசுகிறவர் பெயரையும் தேதியையும் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எந்தக் குரல் யாருடையது என்று தேடி அலைய வேண்டியிருக்காது.

சின்ன விவரம் ஒன்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். அமெரிக்கக் கூடைப்பந்துக் கோச் ஜான் வுடன் (1910–2010) யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்கு 12 பருவங்களில் 10 தேசியப் பட்டங்களை வாங்கித் தந்தவர். ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது, பருவத்தின் முதல் பயிற்சியில் காலுறையைச் சுருக்கமில்லாமல் மாட்டக் கற்றுத் தந்ததைத்தான். சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் ஆட்டம் போச்சு. 1985-இல் மனைவி நெல் இறந்த பிறகு மாதந்தோறும் அவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். கோச்சும் குடும்பஸ்தரும் அந்த இரண்டு செய்தியிலேயே வந்துவிடுகிறார்கள். சச்சினின் கோச் ரமாகாந்த் அச்ரேக்கர் (1932–2019) என்றால் ஸ்டம்பின் மேல் வைத்த ஒற்றை ரூபாய் நாணயம். சச்சினை அவுட்டாக்கும் பவுலருக்கு அது போகும். அவுட்டாகாமல் ஆடி முடித்தால் சச்சினுக்கு. உங்கள் அப்பாவிடமும் அப்படி ஒரு காலுறையோ நாணயமோ கட்டாயம் இருக்கும். அதைத் தேடித்தான் இத்தனை பேரிடம் பேசச் சொல்கிறோம்.

எழுதும்போது 500 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாதாரண நாளிலிருந்து ஒரு காட்சிக்கு 80 சொல், பிறப்பு படிப்பு வேலைக்கு 100, கல்யாணம் பிள்ளைகளுக்கு 100, மைதானத்துக்கு 150, கடைசிக் காலத்துக்கு 30, உறவுகளின் பெயர்களுக்கு 40. பிறந்த தேதியில் தொடங்காதீர்கள். விண்ணப்பப் படிவம் மாதிரி ஆகிவிடும். எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு புகழ்ச் சொல்லுக்கும் பக்கத்தில் ‘எப்படித் தெரியும்?’ என்று எழுதுங்கள். ‘பொறுமைசாலி’ – எப்படித் தெரியும்? ‘ஒரே பாஸை நாற்பது தடவை போட்டுக் காட்டுவார்.’ அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ‘பொறுமைசாலி’யை அடித்துவிடுங்கள். ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’, ‘அன்னாரது மறைவு’ போன்றவற்றை அடிக்க எந்தக் கேள்வியும் தேவையில்லை.

பட்டங்கள், கோப்பைகள் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘மாநில சாம்பியன்’ என்று வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சான்றிதழை எடுத்துப் பார்த்தால் இரண்டாம் இடமாக இருக்கும். ஸ்கோர் புத்தகம், சான்றிதழ், பத்திரிகை நறுக்கு, இந்த மூன்றில் ஒன்றிலாவது இருந்தால் மட்டும் ஆண்டைப் போடுங்கள். அச்சில் வந்த தவறை அவரோடு ஆடியவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: உடனே பத்திரிகைக்கும் வாட்ஸ்அப்புக்கும் கொடுக்க வேண்டிய சின்ன அறிவிப்பில் என்னென்ன இருக்க வேண்டும்? – மருமகன்

40 முதல் 60 சொல். முழுப் பெயர் (முன்னெழுத்தை விரித்து), மைதானத்தில் அவரை அழைத்த பெயர், வயது, இறந்த நாள், மனைவி மக்கள் பெயர்கள், நிகழ்ச்சியின் இடம் நேரம், விசாரிக்க ஒரே ஒரு ஃபோன் எண். மைதானப் பெயரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய மாணவர்களுக்கு அவருடைய பதிவேட்டுப் பெயர் தெரியவே தெரியாது. ‘மாஸ்டர்’ என்றால்தான் தெரியும்.

போடக் கூடாதவை: பிறந்த தேதி முழுதாக, அவருடைய தாயாரின் பெயர், வீட்டு முகவரி. முதல் இரண்டும் வங்கிகள் ஆளை உறுதிப்படுத்தக் கேட்கும் விவரங்கள். மூன்றாவது, எந்த நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்கும் என்பதை ஊருக்கே சொல்வதாக ஆகிவிடும்.

அடிக்கடி நேரும் பிழை மூன்று. தேதியும் கிழமையும் பொருந்தாமல் போவது. நள்ளிரவை ஒட்டி இறந்திருந்தால் ஆளாளுக்கு ஒரு தேதி சொல்வது (மருத்துவமனைச் சான்றில் உள்ளதே கணக்கு). ஒரு மருமகள் அல்லது பேரக்குழந்தையின் பெயர் விடுபடுவது. குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இறந்த காரணத்தைப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கேள்வி: ‘குடும்பமே உயிர் என்று வாழ்ந்தவர்’ என்று அக்கா எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்து ஒரு சனி ஞாயிறுகூட அப்பா எங்களோடு இருந்ததில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் அவர் அப்பா. இதை எழுதினால் சண்டை வரும், எழுதாவிட்டால் பொய்யாக இருக்கும். என்ன செய்ய? – இரண்டாவது மகன்

இந்த இதழுக்கு வந்ததிலேயே நேர்மையான கேள்வி இதுதான். இளையோர் விளையாட்டின் அமைப்பே இப்படித்தான்: பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத நேரத்தில்தான் போட்டி நடக்கும். கோச்சின் சொந்தப் பிள்ளைகளுக்கும் அதே நேரம்தான் விடுமுறை. ஆகவே அக்கா சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒரே ஆளைப் பற்றி உண்மையாக இருக்க முடியும்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். போட்டிக்கு வெளியூர் போனால் ஃபோன் செய்தாரா? வார நாளில் பாடம் பார்த்தாரா? மைதானத்துக்கு உங்களையும் கூட்டிப் போனாரா, போனால் உங்களுக்கு அங்கே என்ன வேலை? பள்ளிக் கட்டணத்தை யார் கொண்டுபோய்க் கட்டினார்? காய்ச்சல் வந்த இரவில் யார் விழித்திருந்தார்? சிலவற்றுக்கு ‘அப்பா’ என்று வரும், பலவற்றுக்கு ‘அம்மா’ என்று வரும். அம்மா என்று வருவதையும் எழுதுங்கள். சேறு படிந்த இருபது ஜெர்சியைத் துவைத்தவர், திடீரென்று வந்து நிற்கும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர், பெற்றோர்களின் ஃபோன்களை எடுத்துப் பதில் சொன்னவர் யார் என்று எந்த நினைவு மலரிலும் தேடிப் பாருங்கள். கிடைக்காது.

மூன்று வாக்கியங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ‘குடும்பமே உயிர் என்று வாழ்ந்தவர்.’ இது யாருக்கும் எழுதக்கூடியது. ‘எங்களுக்கு நேரமே ஒதுக்காதவர்.’ இது கோபம்; பத்து வருடம் கழித்து நீங்களே படிக்கும்போது கை கூசும். ‘சனி, ஞாயிறு காலைகள் மைதானத்துக்குப் போயின, அந்த நேரங்களில் வீட்டை அம்மா தனியாகச் சுமந்தார், ஞாயிறு இரவு மட்டும் எங்கள் மூன்று பேருடைய பள்ளிக் காலணிகளுக்கும் அவர்தான் பாலிஷ் போடுவார்.’ மூன்றாவதில் குறையும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது, யாரும் மறுக்க முடியாத செயலும் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குரிய காலணி எது என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சேர்ந்து எழுத முடியாவிட்டால் பிரித்து எழுதுங்கள். வாழ்க்கைக் குறிப்பு ஒருவர் கையில். மகள் நினைவு, மகன் நினைவு தனித்தனிப் பக்கம், அவரவர் பெயரில். நாலு பேர் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தினால் உப்புச் சப்பில்லாத ஒன்றுதான் மிஞ்சும். அச்சுக்குப் போகும் முன் அம்மா முழுவதையும் படிக்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லும் வரி வேண்டாம். இதில் வாதத்துக்கு இடமில்லை.

கேள்வி: கோச் பிரம்பால் அடிப்பார். அந்தக் காலத்தில் அது சகஜம். ‘கண்டிப்பானவர்’ என்று எழுதிவிடலாமா? – பழைய மாணவர்

வேண்டாம். அடி வாங்கியவர்களும் அதைப் படிப்பார்கள். அவர்களில் சிலர் அந்த அடியோடு ஆட்டத்தையே விட்டுப் போனவர்களாக இருப்பார்கள். ‘அந்த அடிதான் எங்களை ஆளாக்கியது’ என்று மற்றவர்களுக்கும் சேர்த்து நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. ஒன்று, அதைத் தொடாமல் விடுங்கள். அல்லது ‘பிரம்பு எடுத்த காலமும் உண்டு, பிறகு விட்டுவிட்டார்’ என்பது உண்மையானால் அப்படியே எழுதுங்கள். நகைச்சுவையாக்குவது மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: நினைவுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. – மகள்

தமிழில் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 முதல் 100 சொல் போகும். ஐந்து நிமிடத்துக்கு 450 வரும். நீங்கள் 380 எழுதுங்கள். தொண்டை அடைக்கும் இடங்களுக்கும் மூச்சுக்கும் மீதி நேரம் போய்விடும்.

16 புள்ளி எழுத்தில், இரட்டை இடைவெளியில், தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். வாக்கியம் அடுத்த தாளுக்குத் தாவக் கூடாது. பக்க எண் போடுங்கள், ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள். மைக்குக்கு முன்னால் தாள் புரட்டும் சத்தம் கேட்கும். ஃபோனைப் பார்த்துப் படிப்பதும் வேண்டாம்; நடுவில் அழைப்பு வரும், திரை அணையும்.

எந்த வரியில் குரல் உடையும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த ஒரு வரியை மட்டும் வீட்டில் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொன்னால் பலன் இல்லை. அந்த வரியைக் கடைசியில் வைக்காமல் நடுவில் வையுங்கள். உடைந்தாலும் மீண்டு வர ஏழெட்டு வரி இருக்கும். பிரதியின் இன்னொரு நகலோடு ஒருவர் முதல் வரிசையில் இருக்கட்டும். நீங்கள் தலையசைத்தால் அவர் வந்து தொடர்வார். மைக்கிலிருந்து வாய் ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அழுகையில் தலை பின்னால் போகும், குரல் கேட்காது.

பேசுகிறவர்கள் நாலு பேர் என்றால் வீடு, வேலை, மைதானம், நட்பு என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாலு பேரும் ஒரே கோப்பையைப் பற்றிப் பேசுவார்கள். ‘யாராவது இரண்டு வார்த்தை’ என்று மைக்கைத் திறந்து விட்டீர்களோ, கூட்டம் அவ்வளவுதான்.

கேள்வி: அப்பாவின் படங்கள் பழைய ஆல்பங்களிலும், போட்டிகள் வீடியோ கேசட்டுகளிலும் கிடக்கின்றன. ஆல்பத்திலிருந்து படம் பிரிந்து வர மறுக்கிறது. – கடைசி மகன்

பிளாஸ்டிக் தாள் மூடிய, பசைக்கோடு போட்ட ஆல்பமாக இருக்கும். அந்தப் பசைதான் படத்துக்கு எமன். விரலால் இழுத்தால் மூலை மடங்கி மேல்பூச்சு வெடித்துவிடும். மெழுகு பூசாத பல்லிடுக்கு நூலை (டென்டல் ஃப்ளாஸ்) படத்தின் ஓரத்தில் நுழைத்து, ரம்பம் மாதிரி மெல்ல அசைத்துக்கொண்டே இறக்குங்கள். நகராவிட்டால் நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கவே கூடாது, கண்ணாடியோடுதான் ஸ்கேன்.

அளவுகள்: 4×6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் 2400×3600 பிக்சல் கிடைக்கும், 300 டிபிஐ அச்சில் 8×12 அங்குலம் வரை தெளிவாக இருக்கும். பாஸ்போர்ட் அளவுப் படம் (35×45 மிமீ) என்றால் 1200 டிபிஐ. அதை 14×18 செமீ வரை பெரிதாக்கலாம். அதற்கு மேல் போனால் முகம் மாவு மாதிரி ஆகும். நெகட்டிவ் இருந்தால் அச்சுப் படத்தை விட்டுவிட்டு நெகட்டிவையே 2400 டிபிஐக்குக் குறையாமல் எடுங்கள். மூலக் கோப்பு டிஃப் (TIFF) வடிவில், பகிர ஜேபெக் (JPEG). கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண ஸ்கேனிலேயே எடுங்கள். பத்திரிகை நறுக்குக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியாது. நறுக்கை லேமினேட் செய்துவிடாதீர்கள். பிறகு அதைப் பிரித்தெடுக்க வழியில்லை.

படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும். உறையின் மேல் எழுதுங்கள். கோப்புப் பெயரில் ஆண்டும் மாதமும் முதலில் வரட்டும்: ‘1994-06-இறுதிப்போட்டி-001’. அணிப் படங்களில் யார் யார் என்பதை இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். எல்லாரையும் அடையாளம் காட்டத் தெரிந்த ஆளைத்தான் நீங்கள் இழந்திருக்கிறீர்கள். அடுத்தபடியாகத் தெரிந்தவர் அந்தக் காலத்து உதவிக் கோச்சாகவோ கேப்டனாகவோ இருப்பார். அவரிடம் ஒரு மாலைப்பொழுது உட்காருங்கள்.

விஎச்எஸ் (பழைய பெரிய வீடியோ கேசட்) என்றால் அதன் சன்னல் வழியே பாருங்கள். நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. பிளேயரில் போட்டால் அந்த நாடாவோடு பிளேயரும் கெட்டு, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். அதை அதற்கென்று இருப்பவர்களிடம் கொடுங்கள். நல்ல நாடா என்றால் முதுகுப்பக்கம் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டு (தெரியாமல் மேலே பதிவாகாது), ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிய பிறகு பிளே செய்யுங்கள். மூன்று மணி நேர நாடாவைக் கணினிக்கு மாற்ற மூன்று மணி நேரம் ஆகும். குறுக்கு வழி இல்லை. விசிஆர் (கேசட் பிளேயர்) தயாரிப்பு 2016-இலேயே நின்றுவிட்டது. ஓடுகிற ஒரு கருவி கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கேம்கார்டரில் போடும் சின்ன ‘மினி டிவி’ (MiniDV) கேசட் டிஜிட்டல் என்பதால், ஃபயர்வயர் என்ற இணைப்புக் கம்பி வழியே கணினிக்கு எடுத்தால் தரம் துளியும் குறையாது. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி அளவு இடம் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு வீட்டில். வாட்ஸ்அப்பில் உறவினர்கள் படம் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி வரும். மலரிலோ இணையத்திலோ இன்றைய மாணவர்களின் படத்தைப் போடுவதானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்குப் படத்தோடு முழுப் பெயர் போடாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: அப்பாவின் ஃபோன் இணைப்பை ரத்து செய்துவிடலாமா? – மகன்

அவசரப்படாதீர்கள். வங்கி, மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். எல்லாக் கணக்கும் முடியும் வரை சிம் உயிரோடு இருக்கட்டும். ஃபோனை ரீசெட் செய்யாதீர்கள். அவர் அனுப்பிய குரல் செய்திகளை உங்கள் ஃபோனிலிருந்தும் மாணவர்களின் ஃபோனிலிருந்தும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்பாடு இல்லாவிட்டால் நீக்கப்படும்.

ஃபேஸ்புக் பக்கத்தை இறப்புச் சான்றோடு விண்ணப்பித்து நினைவுக் கணக்காக மாற்றலாம். தனக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரிசுத் தொடர்பாளரை அப்பா வாழ்நாளிலேயே நியமித்திருந்தால், அந்தத் தொடர்பாளர் முகப்புப் படத்தை மாற்றலாம், மேலே ஒரு பதிவு போடலாம்; அந்தரங்கச் செய்திகளைப் படிக்க முடியாது. கூகுள் கணக்கு இரண்டு ஆண்டு தொடப்படாமல் கிடந்தால் நீக்கப்படலாம். பயிற்சி வீடியோக்கள் அதில் இருந்தால் இது முக்கியம். ஆப்பிளில் வாரிசுத் தொடர்பு வைத்திருந்தால் அணுகல் சாவியும் இறப்புச் சான்றும் காட்டி மூன்று ஆண்டு வரை எடுக்கலாம். இதைப் படிக்கிற கோச்சுகள் யாராவது இருந்தால், அந்த அமைப்புகளை நீங்கள் உயிரோடு இருக்கும்போதுதான் செய்ய முடியும்.

கேள்வி: எங்கள் அணியில் 9 முதல் 14 வயதுப் பிள்ளைகள். கோச் திடீரென்று இறந்துவிட்டார். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? அடுத்த பயிற்சி எப்போது? – அணிச் செயலாளர்

முதலில் பெற்றோர்களுக்குச் சொல்லுங்கள், அதுவும் குழுவில் செய்தி பரவும் முன். பல பிள்ளைகள் தங்கள் ஃபோனிலேயே பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் வழக்கமாக நேரும் கோளாறு. பெற்றோருக்குப் போகும் செய்தி நாலு வரி போதும்: என்ன நடந்தது, எப்போது, அடுத்து எப்போது கூடுகிறோம், யாரிடம் கேட்கலாம்.

சொல்லும்போது ‘இறந்துவிட்டார்’ என்றே சொல்லுங்கள். ‘தூங்கிவிட்டார்’, ‘சாமிகிட்ட போயிட்டார்’, ‘நம்மை விட்டுப் போய்விட்டார்’ வேண்டாம். சின்னப் பிள்ளை தூங்கப் பயப்படும், அல்லது திரும்பி வருவார் என்று காத்திருக்கும். ஒன்பது வயதுக்காரர்களுக்குச் சாவு மீளாதது என்று பெரும்பாலும் புரியும். அணிக்கு வரும் தம்பி தங்கைகளுக்குப் புரியாமல் இருக்கலாம். திடீர் மாரடைப்பு என்றால் அதைச் சொல்லி, ‘ஓடியதாலோ, நீங்கள் சொன்ன பேச்சுக் கேட்காததாலோ அல்ல’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசிப் பயிற்சியில் திட்டு வாங்கிய பையன் ஒருவன் இருப்பான். தன்னால்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான், வாயைத் திறந்து சொல்ல மாட்டான். அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது உங்கள் பொறுப்பு.

பயிற்சியை ஒரு மாதம் நிறுத்த வேண்டாம். ஒரு வாரத்துக்குள் அதே நாள், அதே நேரம், அதே இடம். கால அளவை மட்டும் பாதியாக்குங்கள். பிள்ளைகளுக்குப் பழகிய முகம் ஒருவர் நடத்த வேண்டும். கோச் வழக்கமாகத் தொடங்கும் அதே வார்ம்-அப், அவர் வைத்த அதே பயிற்சி. புதிய ஆள் முதல் நாளே புது முறையைக் கொண்டுவந்தால் பிள்ளைகள் முறைத்துக்கொள்வார்கள். தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பேச்சு. பேச விரும்பாதவர் பேச வேண்டாம், ஆட விரும்பாதவர் ஓரமாக உட்காரலாம் என்று சொல்லிவிடுங்கள். சிரித்து விளையாடினால் ‘கோச் செத்துட்டாரு, சிரிக்கிறியா’ என்று எந்தப் பெரியவரும் கேட்கக் கூடாது. பிள்ளைகளின் துக்கம் மழை விட்டு விட்டுப் பெய்வது மாதிரி.

வாரக்கணக்கில் தூக்கமின்மை, பள்ளிக்குப் போக மறுப்பு, சாப்பாடு குறைவது, ‘நானும் செத்துடறேன்’ மாதிரிப் பேச்சு இருந்தால் மனநல ஆலோசகரிடம் போகச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது ஒரே ஒரு முறை கேட்டாலும் அன்றே.

கோச்சின் சொந்தப் பிள்ளை உங்கள் அணியிலேயே ஆடினால், அவரை நடுவில் நிறுத்தி வைக்காதீர்கள். கேப்டன் பட்டையை அனுதாபத்துக்குக் கட்டிவிடுவதும் வேண்டாம். எப்போது திரும்புவது, எந்த இடத்தில் நிற்பது என்று அவரே சொல்லட்டும்.

கேள்வி: அடுத்த போட்டியில் மௌன அஞ்சலி, கறுப்புப் பட்டை? – உதவிக் கோச்

நடுவருக்கும் எதிரணிக்கும் முந்தின நாளே சொல்லுங்கள். எதிரணிப் பிள்ளைகள் எதுவும் தெரியாமல் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பது அவர்கள் தப்பு அல்ல. ஒரு நிமிடம், எட்டு வயதுக்குக் கீழ் என்றால் முப்பது வினாடி. தொடக்கமும் முடிவும் நடுவர் விசிலில். இசையை நிறுத்த ஒரு ஆளை நியமியுங்கள். பட்டைக்கு ஒட்டும் டேப் வேண்டாம், வியர்வையில் தோலை உரிக்கும். மூன்று விரல் அகல எலாஸ்டிக், முழங்கைக்கு மேல். போட்டி அமைப்பாளரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அவர் பெயரில் ஆண்டுதோறும் போட்டியும் ஒரு விருதும் வைக்க ஆசை. அவர் ஜெர்சி எண்ணையும் யாருக்கும் தராமல் ஒதுக்கலாமா? – பழைய மாணவர் குழு

எண்ணை ஒதுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் அணியில் இருப்பதே பதினைந்து இருபது சட்டைதான், ஒன்று குறைந்தால் ஒரு பிள்ளைக்குச் சட்டை இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த எண்ணை ஒருவருக்குக் கொடுத்து, முன்பு அணிந்தவர்களின் பெயரைச் சட்டையின் உள்பக்கம் எழுதி வாருங்கள். அதுதான் விருது என்றுகூட வைக்கலாம்.

போட்டி என்றால் கணக்கு இது. எட்டு அணி எல்லாரும் எல்லாரோடும் மோதினால் 28 ஆட்டம். இரண்டு நாளில் ஒரு மைதானத்தில் முடியாது. நாலு நாலாகப் பிரித்தால் குழு ஆட்டம் 12, அரையிறுதி 2, இறுதி 1, மொத்தம் 15. வெறும் நாக்-அவுட் என்றால் 7 ஆட்டம்தான், ஆனால் நாலு அணிப் பிள்ளைகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போவார்கள். பிள்ளைகளை ஆட வைத்தவர் பெயரில் நடக்கும் போட்டிக்கு அது பொருந்தாது. 15 ஆட்டமே சரி. ஆட்டம் இருபது இருபத்தைந்து நிமிடமாக இருக்கட்டும்.

இப்படிப்பட்ட போட்டிகள் நின்றுபோவது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில். முதல் ஆண்டு உணர்ச்சியில் நடக்கும், இரண்டாம் ஆண்டு பழக்கத்தில் நடக்கும், மூன்றாம் ஆண்டு பணம் திரட்டும் வேலை அவர் மனைவியின் தலையில் விழும். ஆகவே குடும்பத்துக்கு அழைப்பிதழ் மட்டும், வேலை எதுவும் இல்லை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பொறுப்பாளர்கள் ஐந்து பேர், ஆண்டுக்கு இரண்டு பேர் மாற வேண்டும். உதவித்தொகை வைப்பதானால், ஆண்டுதோறும் தரும் தொகையைப் போல 20 முதல் 25 மடங்கு முதலில் சேர வேண்டும். 4 முதல் 5 சதவீத வருமானத்தில்தான் அது தொடர்ந்து ஓடும். அவ்வளவு சேராவிட்டால் ‘பத்து ஆண்டுகளுக்கு மட்டும்’ என்று அறிவித்துவிடுங்கள், அதில் வெட்கமில்லை.

விருது யாருக்கு என்பதை ஒரே தாளில் எழுதி வையுங்கள். ‘சிறந்த ஆட்டக்காரர்’ வேண்டாம், அதற்கு வேறு கோப்பைகள் இருக்கின்றன. அவர் எதை மதித்தாரோ அதை அளக்கும்படி வையுங்கள்: ஒரு பயிற்சிகூடத் தவறாதவர், புதிதாக வந்த பிள்ளையைச் சேர்த்துக்கொண்டவர், ஆட்டம் முடிந்ததும் கூம்புகளை அடுக்கி வைப்பவர்.

கேள்வி: அப்பாவின் விசில், ஸ்டாப்வாட்ச், பை, குறிப்பேடு எல்லாம் அப்படியே இருக்கின்றன. எப்படி வைப்பது? – மகள்

பையைக் காலி செய்யும் முன் திறந்தபடி மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்து இன்னொரு படம். குறிப்பேட்டைப் பக்கம் விடாமல் ஸ்கேன் செய்து ஒரு பிரதியை இப்போது அணியை நடத்துகிறவருக்குக் கொடுங்கள், அது அவருக்குப் பயன்படும். ஸ்கோர் புத்தகங்களை நனையாத இடத்தில், நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள். தோல் பந்தில் கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு வையுங்கள்; முழுக் காற்றோடு கிடந்தால் தையல் விடும், முழுக்க இறக்கினால் மடிப்பு விழும். ஜெர்சிகளைத் துவைத்துக் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும், வியர்வைக் கறை பிறகு மஞ்சளாகும். ஆனால் அம்மா கேட்டால் ஒரு சட்டையை மட்டும் துவைக்காமல் மூடிய பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். விசிலை யாருக்காவது கொடுப்பதானால் கழுவிக் கொடுங்கள். உள்ளே தக்கை உருண்டை இருக்கும் வகை என்றால் நன்றாகக் காய வையுங்கள். ஸ்டாப்வாட்சைத் திறந்து பேட்டரியை இன்றே எடுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து இணைப்புகளை அரித்துவிடும்.